சுவரில் தொங்கும் சான்றிதழ் எத்தனை வருடத்துக்குச் செல்லும்?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு மகள் கேட்ட கேள்வி இது. அம்மாவுக்கு 71 வயது. முப்பது வருடமாக ஒரே குடும்ப வைத்தியரிடம்தான் காட்டி வருகிறார். பிள்ளைகளின் தடிமல் காய்ச்சலில் இருந்து அப்பாவின் கடைசி நாட்கள் வரை அந்த வீட்டோடு கூடவே நின்ற நல்ல மனிதர். அவருக்கே இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. பிரஷருக்கு லொசாட்டான், கால் வீக்கத்துக்கு நீர் போகிற குளிசை, முழங்கால் நோவுக்கு டைக்ளோஃபெனக் என்று மூன்றையும் இரண்டு வருடமாக ஒன்றாகக் கொடுத்து வந்திருக்கிறார். போன மாதம் வேறொரு வருத்தத்துக்காகச் சனல் பண்ணிப் பார்த்த நிபுணர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, சிறுநீரகத்தின் வேலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

"எங்கள் டொக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு இன்னும் வேலை சரியாகத் தெரிகிறதா என்று யார் பார்க்கிறார்கள்? ஒரு தடவை பாஸ் பண்ணினால் சாகும்வரை போதுமா?" இதுதான் கேள்வி.

நான் ஓய்வு பெற்ற பொது வைத்தியன். கொழும்பில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பல வருடம் வேலை செய்து, பிறகு இளம் வைத்தியர்களைப் பயிற்றுவிப்பதில் காலத்தைச் செலவிட்டவன். இந்தக் கேள்வி என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அம்மாவின் விஷயம். அந்த மூன்று மருந்தும் தனித்தனியே தப்பான மருந்துகள் இல்லை. சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழைகிற நுண்குழாயை நோக்குளிசை சுருக்கும். வெளியேறுகிற குழாயை லொசாட்டான் தளர்த்தும். நீர்க்குளிசை உடம்பில் ஓடுகிற நீரின் அளவைக் குறைக்கும். மூன்றும் சேரும்போது வடிகட்டத் தேவையான அழுத்தம் விழுந்துவிடும், அதுவும் வயதானவர்களுக்கு. உங்கள் டொக்டர் மருத்துவக் கல்லூரியில் படித்த நாட்களில் லொசாட்டான் என்ற மருந்தே சந்தையில் இல்லை; அது வந்தது 1995ஆம் ஆண்டில். ஆகவே இந்தச் சேர்க்கையின் ஆபத்தை அவர் படிப்பு முடித்த பிறகுதான் எங்கிருந்தாவது கற்றிருக்க வேண்டும். எங்கிருந்து, யார் சொல்லி, யார் அதைச் சரிபார்த்து? உங்கள் கேள்வி சரியான இடத்தில்தான் கை வைக்கிறது.

நேராகப் பதில் சொன்னால், இலங்கையில் ஒரு வைத்தியர் தன் அறையில் நோயாளியை எப்படிப் பார்க்கிறார் என்பதை, குறிப்பிட்ட கால இடைவெளியில், எல்லோருக்கும் பொதுவாக, வெளியில் இருந்து ஒருவர் வந்து பார்க்கும் ஏற்பாடு கிடையாது.

உள்ளே வருகிற வாசல் கடுமையானதுதான். எம்.பி.பி.எஸ். முடிக்க வேண்டும், வெளிநாட்டில் படித்தவர் என்றால் தனியாக ஒரு பதிவுப் பரீட்சை எழுத வேண்டும், ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி, அதன் பின்தான் இலங்கை மருத்துவ சபையில் முழுப்பதிவு. நிபுணராக வேண்டும் என்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் வருடக்கணக்கில் பயிற்சி, பரீட்சை, அதோடு வெளிநாட்டில் ஒரு காலம். அரச சேவையில் இருப்பவருக்குப் பதவி உயர்வுக்கு வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை ஒன்றும் உண்டு. இலங்கை மருத்துவ சங்கமும் நிபுணர் கல்லூரிகளும் தொடர் கல்விக் கூட்டங்களை நடத்துகின்றன, போகிறவர்கள் புள்ளி சேர்க்கலாம். ஆனால் விரும்பினால் போகலாம் என்பதுதான் நிலைமை. யார் வருகிறார்கள் என்று பார்த்தால், வராவிட்டாலும் புத்தகத்தைத் திறந்து படிக்கக்கூடியவர்கள்தான் முன் வரிசையில் இருப்பார்கள். கட்டாயம் வரவேண்டியவர் அந்த நேரத்தில் தன் டிஸ்பென்சரியில் ஐம்பதாவது நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மருத்துவ சபை இயங்குவது 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டம் தண்டிக்க நினைத்தது தொழிலில் இழிவாக நடந்துகொள்கிற வைத்தியரை. பொய்ச் சான்றிதழ் கொடுத்தவர், நோயாளியிடம் முறைகேடாக நடந்தவர், இப்படி. நல்லெண்ணத்தோடு பழைய மருந்தை எழுதிக்கொண்டிருக்கிற ஒருவரை அந்தச் சட்டத்தின் கண் தேடாது. யாராவது முறைப்பாடு கொடுத்த பிறகுதான் கோப்பு திறக்கும். தனியார் ஆஸ்பத்திரிகளையும் கிளினிக்குகளையும் பதிவு செய்ய 2006ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. அது பதிவு செய்வது இடத்தை. அந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுகிற கை இன்றைக்கும் சரியாக எழுதுகிறதா என்பது வேறு கேள்வி.

ஒரு ஒப்பீடு சொல்கிறேன். காலி வீதியில் ஓடுகிற 100ஆம் இலக்க பஸ்ஸின் சாரதி, கனரக வாகன அனுமதிப்பத்திரத்தை நான்கு வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அதற்கு தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் கண்ணையும் காதையும் காட்டிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அந்தச் சான்றிதழில் கையெழுத்து வைக்கிற வைத்தியரின் கண்ணையும் கையையும் நினைவையும் பார்க்கச் சொல்லி எந்த விதியும் கிடையாது.

சரி, அனுபவம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நம் ஆட்கள் நரைத்த தலையைக் கண்டால்தான் நம்புவார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். 2005ஆம் ஆண்டில் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைப் பற்றி வந்த 62 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட ஆய்வுகளில், சேவைக்காலம் கூடக்கூட வைத்தியத்தின் தரம் இறங்கியிருந்தது. எல்லா அளவீட்டிலும் தரம் கூடியதாகக் காட்டியது ஒரே ஒரு ஆய்வுதான். 2017இல் அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்ட முதியவர்களை வைத்து இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. நாற்பது வயதுக்குக் குறைந்த வைத்தியர்கள் பார்த்த நோயாளிகளில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 10.8 வீதம், அறுபது தாண்டிய வைத்தியர்களிடம் அது 12.1 வீதம். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. வருடத்துக்கு நிறைய நோயாளிகளைப் பார்க்கிற வைத்தியர்களிடம் இந்த வயது வித்தியாசமே தெரியவில்லை. ஆகவே வயதைக் குற்றம் சொல்லிவிட்டு முடிக்க முடியாது. அது ஆஸ்பத்திரி வேலை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே சக வைத்தியரும் தாதியும் பக்கத்தில் நிற்பார்கள், பிழைத்தால் யாராவது கேட்பார்கள்.

என் சொந்தக் கதை ஒன்று. இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்த பிறகு நடந்தது. என்னிடம் ஒழுங்காகக் கிளினிக்குக்கு வந்த ஒரு அம்மா, சீனி வருத்தத்துக்கு கிளிபென்கிளமைட் குளிசை எடுத்து வந்தார். அந்தக் காலத்தில் எல்லோரும் எழுதியது, நானும் எழுதினேன். எழுபது வயது தாண்டியதும், சிறுநீரகம் மெல்லத் தளரத் தொடங்கியதும் என் கண்முன்னே நடந்தன. கிளினிக் கொப்பியில் "அதே மருந்து" என்று எழுதிக்கொண்டே போனேன். சிறுநீரகம் தளர்ந்தால் அந்த மருந்து உடம்பில் தேங்கி, சீனியை அபாயமான அளவுக்கு இறக்கி, மணிக்கணக்கில் இறக்கியபடியே வைத்திருக்கும். உலக சுகாதார ஸ்தாபனமே பிறகு அறுபது வயது தாண்டியவர்களுக்கு அது பொருத்தமில்லை என்று தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் குறித்தது. ஒரு விடியற்காலை அந்த அம்மாவை நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். உயிர் தப்பினார். அன்று வார்டில் இருந்த உள்ளகப் பயிற்சிப் பிள்ளைதான் கொப்பியைப் புரட்டி, "சேர், இந்தக் குளிசையை இவருக்கு நிறுத்தியிருக்க வேண்டும் அல்லவா?" என்று கேட்டாள். கேட்கும்போது அவள் குரல் நடுங்கியது. அவள் கேட்காவிட்டால் குளுக்கோஸ் ஏற்றி, கண் விழித்ததும், அதே துண்டோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

அன்று எனக்கு விளங்கிய விஷயம், நான் பின்தங்கியதை என்னால் உணர முடியவில்லை என்பது. இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2006இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு தொகுப்பு வந்தது. வைத்தியர் தன்னைப் பற்றிச் சொன்ன மதிப்பீட்டையும் வெளியில் இருந்து அளந்ததையும் இருபது இடங்களில் ஒப்பிட்டார்கள். பதின்மூன்றில் இரண்டுக்கும் பொருத்தம் மிகக் குறைவு, அல்லது இல்லை, அல்லது தலைகீழ். திறமை குறைந்தவர்களில்தான் இந்தப் பிசகு மோசமாக இருந்தது. டிஸ்பென்சரியில் தனியாக உட்கார்ந்திருக்கிற வைத்தியருக்கு இது இன்னும் மோசம். அவர் மருந்தால் சுகம் வந்தவர் திரும்பி வந்து கும்பிடுவார். கெடுதல் நடந்தவர் திரும்பி வரமாட்டார், கிருலப்பனையிலோ நாரஹேன்பிட்டியிலோ வேறு யாரையாவது சனல் பண்ணுவார். முப்பது வருடமாக நல்ல செய்தி மட்டுமே காதில் விழுந்தால் மனிதன் என்ன நினைப்பான்?

அப்படியென்றால் மற்ற நாடுகள் என்ன செய்தன? ஒவ்வொன்றும் ஒரு வழியைப் பிடித்து, ஒவ்வொன்றும் அடிபட்டிருக்கிறது.

புள்ளி சேர்க்கிற வழி மலிவானது, அதனால் பரவலானது. சிங்கப்பூரில் 2003 முதல் தொடர் கல்விப் புள்ளி இல்லாமல் பயிற்சிச் சான்றிதழைப் புதுப்பிக்க முடியாது. இந்தியாவில் ஐந்து வருடத்துக்கு முப்பது மணிநேரம் என்று 2002இல் விதி எழுதினார்கள். எனக்கு இந்த வழியில் பெரிய நம்பிக்கை இல்லை. ஹோட்டல் மண்டபத்தில் ஒரு பேச்சைக் கேட்டு, மருந்துக் கம்பனி கொடுத்த பையை வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டோடு வீடு திரும்புகிறவருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். நாளைக்கு அவர் எழுதப்போகிற துண்டு மாறியதா என்று யாரும் பார்ப்பதில்லை.

அமெரிக்கா பரீட்சையை நம்பியது. அங்கே குடும்ப மருத்துவ நிபுணர்கள் தங்கள் சபையைத் தொடங்கிய 1969இலேயே நிபுணத்துவச் சான்றிதழுக்குக் காலாவதி வைத்தார்கள். உள்மருத்துவ சபை 1990 முதல் பத்து வருடத்துக்கு ஒரு பரீட்சை என்றது. வைத்தியர்கள் கொதித்தார்கள். பணம் வாங்குகிறீர்கள், அன்றாட வேலைக்குச் சம்பந்தமில்லாததைக் கேட்கிறீர்கள் என்பது குற்றச்சாட்டு. 2015 பெப்ரவரியில் அந்தச் சபையே பிழை விட்டுவிட்டோம் என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2022 முதல் வேறு ஒரு வழியும் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முப்பது கேள்வி, வீட்டில் இருந்தபடி புத்தகத்தைப் பார்த்துப் பதில் எழுதலாம், இன்னொரு ஆளிடம் மட்டும் கேட்கக்கூடாது. இது நல்ல திருத்தம் என்பது என் எண்ணம். நிஜ வேலையிலும் நாம் புத்தகத்தைப் பார்க்கத்தானே வேண்டும். ஆனாலும் பரீட்சை அளப்பது தெரிந்ததை. வைத்தியக் கல்வியில் இருப்பவர்கள் தெரிவது, எப்படி என்று தெரிவது, செய்து காட்டுவது, தினமும் செய்வது என்று நான்கு படி சொல்வார்கள். 1990இல் ஜோர்ஜ் மில்லர் வகுத்தது. உங்கள் அம்மாவுக்குப் பாதிப்பு வந்தது நான்காவது படியில். கேள்வித்தாளில் கேட்டிருந்தால் அந்த டொக்டர் மூன்று மருந்தும் சேரக்கூடாது என்று சரியாகவே குறித்திருக்கவும் கூடும்.

பிரித்தானியாவின் கதையை நாங்கள் கவனித்துப் படிக்க வேண்டும், ஏனென்றால் நம் சட்டமும் சபையும் அங்கிருந்து வந்த வித்து. பிரிஸ்டல் நகரின் அரச ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு இருதய சத்திரசிகிச்சை செய்த பிரிவில் மரணங்கள் கூடுதலாக இருந்தன. அங்கே வேலை செய்த மயக்க மருந்து நிபுணர் ஸ்டீவன் பொல்சின் கணக்கெடுத்து வருடக்கணக்கில் சொல்லிப் பார்த்தார். கேட்டவர்கள் குறைவு. கடைசியில் விசாரணை வந்து, 2001இல் அறிக்கை வெளியானது. 1991 முதல் 1995 வரை மட்டும், ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் 30 முதல் 35 பேர், வேறு சாதாரண பிரிவில் என்றால் இறந்திருக்க மாட்டார்கள் என்று அது சொன்னது. அந்தச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் சோம்பேறிகள் இல்லை. தங்கள் கணக்கை மற்றவர் கணக்கோடு வைத்துப் பார்க்கும் வழக்கம் இருக்கவில்லை, பார்க்கச் சொன்னவனைப் பிடிக்கவுமில்லை.

அப்புறம் ஹரல்ட் ஷிப்மன். ஊர் மக்கள் விரும்பிய குடும்ப வைத்தியர். 2000ஆம் ஆண்டில் பதினைந்து நோயாளிகளைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்டார்; பின்னர் நடந்த விசாரணை 215 பேரைக் கொன்றார் என்று கண்டது. இந்த இரண்டு அதிர்ச்சிக்கும் பிறகு நீண்ட இழுபறி நடந்து, 2012 டிசம்பரில் தகுதியை மறுபடி உறுதிப்படுத்தும் முறை தொடங்கியது. ஒவ்வொரு வைத்தியரும் வருடம் ஒரு தடவை பயிற்சி பெற்ற இன்னொரு வைத்தியரோடு உட்கார்ந்து தன் வேலையைப் பற்றிக் கதைக்க வேண்டும். என்ன படித்தேன், என் வேலையின் தரத்தைக் கூட்ட என்ன செய்தேன், என்ன அசம்பாவிதம் நடந்தது, நோயாளிகள் என்ன சொன்னார்கள், கூட வேலை செய்பவர்கள் என்ன சொன்னார்கள், என்ன முறைப்பாடும் பாராட்டும் வந்தன என்று ஆறு விதமான சான்றுகளைக் கொண்டுவர வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை, பொறுப்பு அதிகாரி ஒருவர் பரிந்துரை செய்தால்தான் அனுமதி தொடரும்.

ஷிப்மன் இந்த முறையில் பிடிபட்டிருப்பாரா? என் பதில், இல்லை. நோயாளிகளிடம் படிவம் கொடுத்திருந்தால் அவருக்கு நல்ல புள்ளிதான் கிடைத்திருக்கும். அவரைப் பிடிக்க வேண்டியது மரணச் சான்றிதழ்களை எண்ணுகிற கையும், அபின் வகை மருந்துகளின் கணக்கைப் பார்க்கிற கையும். குற்றவாளியைத் தேடும் வலையையும் பின்தங்கியவருக்கு உதவும் ஏற்பாட்டையும் ஒன்றாகக் கட்டக்கூடாது. ஒன்றாகக் கட்டினால், நேர்மையான வைத்தியர் தன் பிழையைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பார், குற்றவாளி அழகான கோப்போடு வருவார்.

எனக்குப் பிடித்த முறை கனடாவில் இருக்கிறது. ஒன்டாரியோ மாகாணத்தில் எழுபது வயதானதும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையும், அதே துறையில் வேலை செய்கிற இன்னொரு வைத்தியர் வந்து மதிப்பிடுவார். நோயாளிகளின் குறிப்பேடுகளை எடுத்துப் படிப்பார், ஏன் இந்த மருந்து, ஏன் இந்தச் சோதனை செய்யவில்லை என்று கேட்பார். பெரும்பாலும் அது ஒரு உரையாடலோடு முடியும், குறை இருந்தால் திருத்தப் பாடம், மிக மோசமாக இருந்தால் மட்டும் கட்டுப்பாடு. இதில்தான் நான்காவது படி வெளியே தெரிகிறது. உங்கள் டொக்டரின் அறையில் இருபது குறிப்பேடுகளை ஒருவர் புரட்டியிருந்தால் அம்மாவின் மூன்று குளிசையும் அரை மணிநேரத்தில் கண்ணில் பட்டிருக்கும்.

ஆனால் இங்கேதான் கொழும்பின் நிலைமை குறுக்கே நிற்கிறது. புரட்ட குறிப்பேடு எங்கே? அரசாங்கக் கிளினிக்கில் குறிப்பு நோயாளியின் கையில் உள்ள கொப்பியில் இருக்கிறது. தொலைந்தால் பத்து வருடக் கதையும் போச்சு. குடும்ப வைத்தியர் பலரிடம் எழுத்தே கிடையாது, எல்லாம் தலைக்குள். மருந்தைக் கடதாசிப் பைக்குள் போட்டு "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று தந்துவிடுவார்கள், மருந்தின் பெயர் கூட அதில் இருக்காது. சனல் பண்ணிப் பார்க்கிற நிபுணர் ஒரு துண்டில் மூன்று வரி எழுதுவார், அது பாமசியோடு முடிந்துவிடும். கொட்டாஞ்சேனையில் ஒரு டொக்டர், வெள்ளவத்தையில் ஒருவர், பெரியாஸ்பத்திரிக் கிளினிக் ஒன்று என்று மூன்று இடத்தில் காட்டுகிற அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று இடத்திலும் என்ன எழுதினார்கள் என்பது அந்த அப்பாவின் சட்டைப் பைக்குள் மட்டும் இருக்கும். ஆகவே வைத்தியரை மதிப்பிடுவது பற்றி நாம் பேசத் தொடங்கினால் முதல் வேலை, ஒவ்வொரு நோயாளிக்கும் வைத்தியரிடம் தங்குகிற ஒரு குறிப்பு, அத்தோடு மருந்தின் பெயர் எழுதிய துண்டு. இந்த இரண்டையும் தனியார் டிஸ்பென்சரிக்கும் கட்டாயமாக்காமல் வேறு எந்த முறையைக் கொண்டுவந்தாலும் காகிதம்தான் மிஞ்சும்.

இது நம்மால் முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு உதாரணம் காட்டுவேன். இந்த நாட்டில் ஒரு தாய் பிள்ளைப்பேற்றோடு இறந்தால் அது சும்மா போகாது. 1985 முதல் அந்த மரணத்தைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். குடும்ப நல உத்தியோகத்தர் வீடு தேடிப் போவார், ஆஸ்பத்திரியில் கூடி ஆராய்வார்கள், பிறகு குடும்ப சுகாதாரப் பணியகத்தின் தலைமையில் மகப்பேற்று நிபுணர், மயக்க மருந்து நிபுணர், பொது வைத்தியர் என்று பலர் ஒரே மேசையில் உட்கார்ந்து, எங்கே தாமதம் வந்தது, எதைத் தவிர்த்திருக்கலாம் என்று ஒவ்வொரு மரணத்தையும் பிரிப்பார்கள். ஆளைத் தண்டிப்பது நோக்கம் இல்லை. 1940களின் நடுவில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கு மேல் இருந்த தாய் மரணம் முப்பதுகளுக்கு இறங்கியது. மருத்துவமாதுகள், மலேரியா ஒழிப்பு, இலவச ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்த வெற்றி அது. ஆனால் கடைசி மைல்களில் இந்தத் திறந்த விசாரணைக்கும் பங்கு உண்டு. நான் அப்படியான கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். மூத்த நிபுணர்கள் தங்கள் பிழையை இளையவர்கள் முன்னால் ஒப்புக்கொண்டதைக் கண்டிருக்கிறேன். அதே மேசையை ஏன் சீனி வருத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் போடக்கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

வைத்தியர்களின் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. ஒரு பிழை பத்திரிகையில் வந்தால் பெயர் போய்விடும். நீதிமன்ற வழியும் இரண்டு பக்கத்துக்கும் கொடுமையானது. 1992இல் இறந்த நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், சிகிச்சை செய்த வைத்தியர் மூளைக் கட்டியைக் கண்டுபிடிக்கத் தவறினார் என்று மாவட்ட நீதிமன்றம் ஐம்பது லட்சம் ரூபாய் நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை லட்சமாகக் குறைத்தது. 2001இல் உச்ச நீதிமன்றம், கவனக்குறைவு இருந்தாலும் மரணத்துக்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்று அதையும் நீக்கியது. கிட்டத்தட்ட ஒன்பது வருடம். அந்தப் பெற்றோருக்கு என்ன கிடைத்தது? மற்ற வைத்தியர்கள் அதில் இருந்து என்ன கற்றார்கள்? அடுத்த குழந்தையைக் காப்பாற்ற நீதிமன்றம் பொருத்தமான கருவி இல்லை என்றே நினைக்கிறேன்.

2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு சுமையா என்று கேட்பது நியாயம். எல்லோரையும் ஒரே கடுமையோடு பார்க்கத் தேவையில்லை என்பதுதான் என் பதில். ஆஸ்திரேலியாவில் முறைப்பாடுகளை ஆராய்ந்தபோது, அந்த நாட்டு வைத்தியர்களில் 3 வீதத்தினர் மீதுதான் மொத்த முறைப்பாடுகளில் 49 வீதம் குவிந்திருந்தது. தனியாக வேலை செய்பவர், எழுபது தாண்டியவர், ஒன்றுக்கு மேல் முறைப்பாடு வந்தவர் என்று தொடங்கலாம். சபைக்கு ஆள் அதிகம் வேண்டாம். ஓய்வு பெற்ற என் போன்றவர்களைப் பழக்கி அனுப்பினால் நாங்கள் போவோம், நான் கட்டாயம் போவேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. நோயாளியின் கருத்தைக் கேட்பது மதிப்பீட்டின் ஒரு பகுதி என்றால், அது யாருடைய மொழியில்? கொழும்பு ஆஸ்பத்திரிகளில் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு ஆச்சி, வார்டில் பக்கத்துக் கட்டில்காரி மொழிபெயர்த்துத்தான் தன் நோவைச் சொல்கிறாள். மலையகத்தில் இருந்து மாற்றி அனுப்பப்பட்டு வருகிறவர்களின் நிலை இதைவிட மோசம். நெஞ்சு எரிகிறதா, அடைக்கிறதா, குத்துகிறதா என்று பிரித்துக் கேட்க முடியாத வைத்தியருக்கு இருதயம் பற்றிய அறிவு எவ்வளவு இருந்தாலும் பாதி வேலை செய்யாது. படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்தால் அந்த ஆச்சியின் அனுபவம் எந்தக் கணக்கிலும் ஏறாது. மொழி தெரியாமை வைத்தியரின் பாவம் இல்லை, ஆனால் அவர் திறமையின் ஒரு பகுதி அது.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவின் எல்லாக் குளிசைகளையும், பாமசியில் தானாக வாங்கியவற்றையும் கசாயத்தையும் உட்பட, ஒரு தாளில் பெயரும் அளவும் எழுதி, எந்த டொக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். பையில் பெயர் இல்லாவிட்டால் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், தரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு நியாயம் இல்லை. நோக்குளிசையை இனி நிபுணர் சொல்லாமல் தொடவேண்டாம். மற்ற இரண்டையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டுகிற கிரியேட்டினின் இரத்தச் சோதனையைச் சொன்ன தவணையில் செய்யுங்கள், பழைய ரிப்போர்ட்டுகளை எறியாதீர்கள். நோக்குளிசையை நிறுத்தியதும் கொஞ்சம் மீளக்கூடிய சிறுநீரகங்களும் உண்டு.

மருத்துவ சபைக்கு எழுத உங்களுக்கு உரிமை உண்டு, அது நொரிஸ் கனால் வீதியில்தான் இருக்கிறது, எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுதுவதா என்பது உங்கள் முடிவு, நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்பேன். ரிப்போர்ட்டின் பிரதியை எடுத்துக்கொண்டு உங்கள் டொக்டரிடம் போங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, கடைசி ஆளாக. "டொக்டர், அம்மாவுக்கு இப்படி வந்திருக்கிறது, இந்த மூன்று மருந்தும் சேர்ந்ததால் என்று சொன்னார்கள்" என்று சொல்லுங்கள். அவர் கோபப்படலாம், மறுக்கலாம். ஆனால் அவரிடம் அதே மூன்று குளிசையும் வாங்கிப் போகிற வேறு அம்மாக்கள் இன்றைக்கும் அந்த வாங்கில் காத்திருப்பார்கள். உங்களைத் தவிர இதை அவருக்குச் சொல்ல இப்போதைக்கு யாரும் இல்லை.